குளத்துத் தடியும் கடல் மீனும்

மீன்பிடி என்றால் நம்மவர்களுக்கு அது தொழில். வலை, வள்ளம், களங்கண்ணி, கரைவலை என்று அதற்கொரு பொருளாதாரமும், அதற்கேற்ற சொற்களஞ்சியமும் உண்டு. ஆழ்கடலில் தங்கூசியைக் கையில் பிடித்துத் தூண்டில் போடுகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஆனால் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு கரையில் மணிக்கணக்காக நிற்பவரை எங்கள் ஊரில் யாரும் மீனவர் என்று கணக்கிலெடுப்பதில்லை. பொழுது போகாதவர் என்றுதான் சொல்வார்கள். பிரித்தானியாவில் நிலைமை நேர்மாறானது. அங்கே கரையில் நிற்பவருக்குத்தான் கடைகள், சஞ்சிகைகள், சங்கங்கள், சட்டங்கள் எல்லாம் இருக்கின்றன.

அந்நாட்டவர் தூண்டில்காரர்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சல்மன், ட்ரவுட் ஆகிய மீன்களைத் தேடிப் போகிறவர்கள் 'கேம்' பிரிவினர். அவற்றைத் தவிர்ந்த ஏனைய நன்னீர் மீன்களைப் பிடிப்பவர்கள் 'கோர்ஸ்' பிரிவினர். அச்சொல்லுக்கு 'முரடான', 'சாதாரணமான' என்றெல்லாம் பொருள் கொள்ளலாம். மூன்றாமவர் கடற்கரைக்காரர். முதற்பிரிவினர் இரண்டாம் பிரிவினரைச் சற்றுக் கீழாகப் பார்ப்பார்கள். இரண்டாம் பிரிவினர் மூன்றாம் பிரிவினரைப் பொருட்படுத்துவதேயில்லை. மூன்றாம் பிரிவினர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு விளங்குவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

கோர்ஸ் பிரிவினருக்குள்ளும் ஒரு தனி உலகம் இருக்கிறது. அது கார்ப் என்னும் கெண்டை மீனைப் பிடிப்பவர்களின் உலகம். இரவு பகலாகக் குளக்கரையில் கூடாரமடித்துக் காத்திருந்து, இருபது இறாத்தல், முப்பது இறாத்தல் நிறையுள்ள மீனைப் பிடித்து, மெத்தை விரித்து அதிலே கிடத்தி, முள் குத்திய காயத்துக்கு மருந்தும் தடவி, நிறுத்து, படமெடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். இதைக் கேட்டபோது எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் நம்பவில்லை.

இந்தக் கார்ப் மீனுக்கென்றே தனித் தடி ஒன்று உண்டு. அதன் வரலாற்றைத் தேடிப் போனால் ரிச்சர்ட் வோக்கர் என்பவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அவர் ஒரு பொறியியலாளர், எழுத்தாளர். 1952 செப்டெம்பர் 13 ஆம் திகதி ஹியர்ஃபோர்ட்ஷயரிலுள்ள ரெட்மையர் என்ற சிறு குளத்தில் 44 இறாத்தல் நிறையுள்ள கார்ப் ஒன்றை அவர் பிடித்தார். அதற்கு முன்னர் அத்தனை பெரிய மீனைத் தூண்டிலால் கரையேற்ற முடியாது என்றே பலர் எண்ணியிருந்தனர். அந்த மீன் லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள நீர்த்தொட்டியில் 1971 வரை உயிரோடிருந்தது. மூங்கிலைப் பிளந்து, ஒட்டி, பெரிய மீனுக்கென்று தடி செய்தவரும் வோக்கரே. இன்றைய தடிகள் காபன் இழையால் ஆனவை. பெரும்பாலானவை 12 அடி நீளமுடையவை, இரண்டு சம துண்டுகளாகக் கழற்றக்கூடியவை.

இனி விடயத்துக்கு வருவோம். குளத்துக்கென்று செய்யப்பட்ட இந்தத் தடியைக் கடலில் பாவிக்கலாமா? கடைக்காரரைக் கேட்டால் கடலுக்கென்றே செய்த வேறொரு தடியைக் காட்டுவார். அவரது தொழில் அது. கார்ப்காரரைக் கேட்டால் உப்பு நீரில் தன் தடியை நனைப்பதா என்று முகம் சுளிப்பார். கடற்காரரைக் கேட்டால் 'உடைந்துவிடும்' என்பார். இக்கேள்விக்கு விடை காண நேர்ந்தவர் என்னுடன் பல ஆண்டுகள் ஒரே பத்திரிகையில் பணிபுரிந்த நண்பர் ஒருவர். ஆராய்ச்சி நோக்கம் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. கையிலே வேறு தடி வாங்கப் பணமிருக்கவில்லை. அவ்வளவுதான்.

அவர் மயிலிட்டியில் பிறந்தவர். தந்தையார் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகொன்றை வைத்துத் தொழில் செய்தவர். 1990 ஜூனில் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நண்பருக்குப் பதினான்கு வயது. பிறகு அவர்கள் எத்தனை இடங்களில் இருந்தார்கள் என்பதை அவரே விரல்விட்டு எண்ணித்தான் சொல்வார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தார். எழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைத் தொழில் எப்படியிருந்தது என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 2007 இல் அவர் நாட்டை விட்டுப் போனார். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையிலே, அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரும் என்று காத்திருந்தார். முடிவு வரும்வரை வேலை செய்யக் கூடாது என்பது அந்நாட்டு விதி. வேலை செய்து பழகிய மனிதனுக்கு இது எத்தகைய தண்டனை என்பதை அனுபவித்தவர்கள் அறிவர்.

வாரம் ஒருமுறை அவர் என்னோடு தொலைபேசியில் கதைப்பது வழக்கம். 2009 மே மாதத்தின் பின் அழைப்பு வருவது நின்றுபோனது. நான் அழைத்தாலும் எடுப்பதில்லை. ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் மாலை தானாகவே அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை, செய்தி எதுவும் கேட்கவில்லை. "அண்ணை, ஒரு தூண்டில் தடி வாங்கியிருக்கிறன்" என்றார். தேவாலயம் ஒன்று நடத்தும் பழைய பொருட்கடையில் றீலும் தடியும் சேர்த்துப் பத்துப் பவுணுக்கு எடுத்தாராம். அது கார்ப் தடி என்பது அவருக்கு அப்போது தெரியாது. தடியின் அடியில் '12 அடி, 2.75 இறாத்தல்' என்று எழுதியிருந்ததை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒப்புநோக்குநரல்லவா!

குளத்துத் தடியை அவர் ஏன் குளத்துக்குக் கொண்டு போகவில்லை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போடுவதற்குச் சுற்றாடல் முகவரகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைவிடக் குளத்தின் சொந்தக்காரருக்கு நாட்கூலி போல ஒரு கட்டணமும் செலுத்த வேண்டும். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். கடல் அப்படியல்ல. சல்மன், கடலேறும் ட்ரவுட் போன்ற சில மீன்களைத் தவிர, கடலில் தூண்டில் போட அனுமதிப்பத்திரம் தேவையில்லை. வற்றும் பெருக்கும் உள்ள நீரில் மீன் பிடிப்பது பொதுமக்களின் உரிமை என்பது அந்நாட்டின் மிகப் பழைய சட்டக் கொள்கை. அதைப் பற்றி எழுதுவோர் 1215 ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டா வரை பின்னோக்கிச் செல்வதுண்டு. தேம்ஸ், மெட்வே நதிகளிலுள்ள மீன் அடைப்புகளை அகற்ற வேண்டும் என்று அந்தச் சாசனத்தில் ஒரு வாசகமே இருக்கிறது. ஆகவே வேலை செய்யும் உரிமையற்ற, வாக்களிக்கும் உரிமையற்ற, நாளைக்கு எங்கே இருப்போம் என்று அறியாத ஒருவருக்கு அந்த நாட்டிலே தட்டுத்தடையின்றிக் கிடைத்த உரிமைகளுள் இதுவும் ஒன்று. அவர் அதைப் பற்றிக்கொண்டார்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து பார்க்கிங் நிலையத்துக்கு ஒரே தரிப்பு. அங்கிருந்து புகையிரதத்தில் ஏறினால் தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குப் போகலாம். அந்தப் பாதையில் சவுத்எண்ட் வருகிறது. அங்குள்ள கடற்பாலம் ஒன்றேகால் மைலுக்கும் சற்றுக் கூடுதலான நீளமுடையது. உல்லாசத்துக்கெனக் கட்டப்பட்ட கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது அதுதான். ஆனால் அதிலே தூண்டில் போடக் கட்டணம் உண்டு. நண்பர் பாதையின் கடைசித் தரிப்பான ஷூபரினெஸ் வரை போய், அங்குள்ள திறந்த கடற்கரையில் இறங்கினார்.

முதல் நாளன்றே அவருக்குப் பாடம் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் நான்கைந்து அவுன்ஸ் ஈயக்குண்டு கட்டி எறிவதைப் பார்த்து, தானும் ஐந்து அவுன்ஸ் குண்டொன்றைக் கட்டி எறியப் போனார். சற்றுத் தள்ளி நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாராம். பிறகு தடியின் அடியில் எழுதியிருந்த எண்ணைக் காட்டி, அதன் பொருளை மண்ணிலே கீறி விளங்கப்படுத்தியிருக்கிறார்.

அந்தப் பாடத்தை நானும் இங்கு எழுதிவிடுகிறேன். தடியின் அடியைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, நுனியில் நூலைக் கட்டிப் பாரம் தொங்கவிட்டால், எத்தனை இறாத்தல் பாரத்தில் நுனி 90 பாகைக்கு வளைகிறதோ அதுவே அந்தத் தடியின் 'டெஸ்ட் கேர்வ்'. வளைவு அளவை என்று நாம் சொல்லலாம். ஒரு இறாத்தல் வளைவு அளவைக்கு ஒரு அவுன்ஸ் எறிபாரம் என்பது நீண்டகால வாய்ப்பாடு. அதாவது 2.75 இறாத்தல் தடியால் ஏறத்தாழ 2.75 அவுன்ஸ், சுமார் 78 கிராம், தாராளமாக எறியலாம். அந்தக் கணக்கிலே இரையின் நிறையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுவதுண்டு. கடற்கரைக்கென்றே செய்த தடிகளோ நான்கு முதல் ஆறு அவுன்ஸ் வரை எறிவதற்காக ஆனவை. ஒன்றுக்குரியதை மற்றதில் கட்டினால் தடி முறியும். முறிந்த காபன் கண்ணாடித் துண்டு போல வெட்டும்.

நூல் அறுவது இதைவிட ஆபத்தானது. எறியும் கணத்தில் அறுந்த ஈயம் சன்னம் போலப் பாயும். ஆகவே றீலில் உள்ள மெல்லிய தங்கூசியின் முனையில், தடியின் நீளத்தைப் போல் இருமடங்குக்குக் குறையாத அளவில், தடித்த தங்கூசி ஒன்றை முடிந்துகொள்ள வேண்டும். எறியும் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். அவுன்சுக்குப் பத்து இறாத்தல், அதற்கு மேலும் ஒரு பத்து என்பது இதற்கான வாய்ப்பாடு. இரண்டு அவுன்ஸ் ஈயத்துக்கு முப்பது இறாத்தல் தங்கூசி போதும். றீலில் பத்து அல்லது பன்னிரண்டு இறாத்தல் நூல் இருந்தால் சரி. நான் மேலே குறிப்பிட்ட வோக்கரே வடிவமைத்த பேரிக்காய் வடிவ ஈயக்குண்டு ஒன்றுண்டு. ஆர்ல்சி என்ற ஏரிக்காக அவர் அதைச் செய்தார். அதனாலே அதற்கு 'ஆர்ல்சி பொம்' என்று பெயர். கடைகளிலே சுருக்கமாகப் 'பொம்' என்பார்கள். "எத்தனை அவுன்ஸ் பொம் வேணும் எண்டு கேட்டான் அண்ணை. எனக்கு ஒரு நிமிஷம் வாய் எழும்பேல்லை" என்று நண்பர் சொன்னார். பல மாதங்களின் பின் அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

இரண்டு அவுன்சை வைத்துக்கொண்டு கடலில் என்ன செய்ய முடியும்? நிறையவே செய்யலாம் என்பதுதான் விடை. கரையிலிருந்து நூறு யாருக்கு அப்பால்தான் மீன் இருக்கிறது என்ற எண்ணம் தவறானது. பாஸ் என்னும் மீன், தோற்றத்தில் நமது கொடுவாயின் ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது, அலை உடைகிற இடத்திலேயே இரை தேடும். இருபது முப்பது யார் தூரம் போதும். ஃபிளவுண்டர் என்ற தட்டைமீன் முழங்காலளவு நீரிலும் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். துறைமுகச் சுவரோரம் தக்கை கட்டிப் போட்டால், கோடையில் நமது கும்பளாவுக்கு உறவான மெக்கரலும், முரலும் வரும். பாண் துண்டைக் கட்டினால் மடவை வரும். இவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு இறாத்தல் மீன்கள். அவற்றை ஆறு அவுன்ஸ் எறியும் உலக்கைத் தடியால் இழுத்தால், மீன் இருக்கிறதா பாசி இருக்கிறதா என்பதே தெரியாது. கார்ப் தடி அப்படியல்ல. அதன் நுனி மென்மையானது. சிறு கடிப்பையும் காட்டிக் கொடுக்கும். மீன் ஓடும்போது தடி முழுவதும் வளைந்து கொடுப்பதால் மெல்லிய நூலும் அறாது. பன்னிரண்டடி நீளமிருப்பதால் முதல் அலைக்கு மேலாக நூலை உயர்த்திப் பிடிக்கவும் வசதி.

ஆனால் எல்லைகளும் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது நியாயமாகாது. முதலாவது எல்லை நீரோட்டம். பிரிஸ்டல் கால்வாயில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு 14 மீற்றர் வரை போகும். அங்கே இரண்டு அவுன்ஸ் ஈயம் தரையில் நிற்காது. மணலைக் கவ்வும் கம்பிக்கால்கள் பூட்டிய ஐந்து அவுன்ஸ் ஈயமே சில நாட்களில் உருளும். இரண்டாவது, பாறையும் தாழையுமான கரைகள். மீனோடு சேர்த்துப் பாசியையும் பிடுங்கி இழுக்கும் வலு இந்தத் தடிக்கு இல்லை. மூன்றாவது, உயரமான சுவர். மூன்று இறாத்தல் மீனைத் தடியாலேயே செங்குத்தாகத் தூக்க முயலக் கூடாது. கயிற்றில் இறக்கும் வளைய வலை வேண்டும். நான்காவது, குளிர்காலத்தில் கொட் மீனுக்காகப் பெரிய இரை கட்டித் தூர எறிவது. அது கடற்தடியின் வேலை. அமைதியான முகத்துவாரம், துறைமுகம், மெல்லச் சரியும் மணற்கரை, கோடையும் முன்பனியும் என்று எல்லையை வகுத்துக்கொண்டால் கார்ப் தடி ஏமாற்றாது.

2013 செப்டெம்பரில் நான் லண்டன் போயிருந்தபோது நண்பர் என்னை ஷூபரினெசுக்கு அழைத்துச் சென்றார். அதற்கு முந்திய ஆண்டில் அவரது கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. களஞ்சியமொன்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். முதல் நாள் மாலையே வற்றிய சேற்றில் இறங்கி, புழு கிண்டி, ஈரத் தாளில் சுற்றி வைத்திருந்தார். அந்த முகத்துவாரத்தில் வெள்ளுவாக் காலங்களில் நீர் ஐந்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். இறங்கும்போது ஒரு மைல் தூரத்துக்குச் சேறு தெரியும். ஆகவே பெருக்குத் தொடங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். அவர் நேர அட்டவணையைப் பார்க்கவேயில்லை. நிலவைப் பார்த்தே சொன்னார். காற்று கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. "கொண்டல்" என்றார். கச்சான், சோழகம், வாடை என்று அந்தக் கடற்கரையின் எல்லாக் காற்றுகளுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார்.

கார்ப்காரர்கள் தங்கள் தடியைக் கிடையாகப் படுக்க வைத்து, மீன் இழுத்தால் மணியடிக்கும் மின்கருவியைப் பூட்டி வைப்பார்கள். கடலில் அது சரிவராது. ஒவ்வொரு அலைக்கும் மணியடித்துக்கொண்டேயிருக்கும். நண்பர் முக்காலியில் தடியைச் செங்குத்தாக நிறுத்தி, நுனியிலே வெள்ளை வர்ணம் பூசியிருந்தார். அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று வெடிச்சத்தம் கேட்டது. தரையே அதிர்ந்தது. சில நிமிடங்களில் இன்னொன்று. நான் எழுந்துவிட்டேன். எங்களைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. ஒரு பெண் குழந்தைக்கு ஐஸ்கிறீம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஷூபரினெசுக்கு அருகே பாதுகாப்பு அமைச்சின் ஆயுதப் பரிசோதனைத் தளம் ஒன்று இருக்கிறது என்பதையும், குண்டுகளை அங்கே வெடிக்க வைத்துச் சோதிப்பது நீண்டகால வழக்கம் என்பதையும் நண்பர் பிறகுதான் சொன்னார். கடற்கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கம்பங்களின் வரிசை ஒன்றையும் காட்டினார். குளிர்ப்போர்க் காலத்தில் கப்பல்களைத் தடுப்பதற்காக அமைத்த வேலியின் எச்சம் அது. "முதல் நாள் இந்தச் சத்தம் கேட்டவுடன நான் தடியைப் போட்டிட்டு மணலிலை குப்புற விழுந்தனான். அந்தக் கிழவர் வந்து பக்கத்திலை இருந்தார். ஒண்டும் கேக்கேல்லை. சத்தம் நிக்கும் வரைக்கும் இருந்தார்" என்றார்.

பின்னே ஏன் திரும்பத் திரும்ப இங்கேயே வருகிறீர் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தடியின் நுனி இரண்டு முறை துடித்தது. எழுந்து போய்த் தடியை எடுத்தார். "சத்தம் கேட்டாலும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காத கடல் அண்ணை இது" என்றார், நூலைச் சுற்றிக்கொண்டே.

வந்தது ஒரு பாஸ் மீன். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, திரும்ப விட்டுவிட்டார். அடுத்து வந்த இரண்டு தட்டைமீன்களைப் பையில் போட்டார். அன்றிரவு அவரது மனைவி அவற்றைத் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் போட்டுச் சொதி வைத்தார். அந்த மீனுக்கு எங்கள் சொதி பொருந்துகிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பாஸ் மீனைப் பற்றி ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும். அது மெல்ல வளரும் மீன். அதன் தொகை குறைந்து போனதால் 2015 மார்ச்சில் தூண்டில்காரருக்கு நாளொன்றுக்கு மூன்று மீன் என்று எல்லை விதித்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில், வைத்திருக்கக்கூடிய மீனின் ஆகக் குறைந்த நீளத்தை 36 சென்றிமீற்றரிலிருந்து 42 சென்றிமீற்றராக உயர்த்தினார்கள். அதன் பின்னரும் எண்ணிக்கையும் மாதங்களும் பல தடவை மாற்றப்பட்டுள்ளன. ஆகவே போகிறவர்கள் அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. கார்ப் தடியின் மென்மைக்கு இங்கேயும் ஒரு பயனுண்டு. சிறு மீனின் வாயைக் கிழிக்காமல் கொண்டுவந்து, உயிரோடு திரும்ப அனுப்ப அதனால் முடிகிறது.

உப்பைப் பற்றியும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமையாகாது. கார்ப் தடியின் உண்மையான எதிரி பாரமல்ல, உப்புத்தான். காபனுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் நூல் ஓடும் வளையங்களின் கால்கள், றீலைப் பூட்டும் திருகு, றீலுக்குள் இருக்கும் குண்டுப் போதிகைகள் எல்லாம் நன்னீரை எண்ணிச் செய்யப்பட்டவை. அவற்றைக் கவனியாது விட்டால் ஒரு பருவத்திலேயே துருவேறிவிடும். வீடு திரும்பியதும் றீலைக் கழற்றி, தடியையும் றீலையும் வெதுவெதுப்பான நன்னீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். வேகமாகப் பாயும் குழாய் நீர் உப்பை உள்ளே தள்ளிவிடும். துடைத்துக் காயவிட்டு, திருகுகளுக்குச் சிறிது எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தோடு உறையிலே போட்டு மூடிவைக்கவே கூடாது. நண்பர் இதை யாரிடமும் படிக்கவில்லை. கடலிலிருந்து வந்ததும் சாப்பிடுவதற்கு முன் படகின் இயந்திரத்தை நன்னீரில் ஓடவிட்டுக் கழுவுகிற தந்தையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தப் பத்துப் பவுண் தடி இன்றும் பழுதின்றி இருப்பதற்கு அதுவே காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. காபன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்குக் கீழே பன்னிரண்டடித் தடியை நிமிர்த்திக்கொண்டு நடக்கக் கூடாது. மின்னல் முழக்கம் தொடங்கினால் தடியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும்.

மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில், இருபத்தேழு ஆண்டுகளின் பின், மக்களிடம் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு நண்பர் ஊருக்கு வந்தார். பயணப் பொதியோடு அந்தத் தடியும் வந்தது. அவரது தந்தையார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சிறிய தகப்பனார் ஒருவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். தடியை வாங்கி, நுனியிலிருந்து அடிவரை தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளத் தடியாலை இவ்வளவு சின்ன மீனையோ பிடிக்கிறியள்?" என்று கேட்டார். ஆனாலும் மறுநாள் விடியற்காலை எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு கடற்கரையில் நின்றவர் அவர்தான்.

உண்மையில் அந்தத் தடிக்கு இங்கிலாந்துக் கடலைவிட எங்கள் நீர்தான் பொருத்தமென்று எனக்குப் பட்டது. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது. எங்கள் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வேறுபாடுகூட இல்லை. இரண்டு அவுன்ஸ் ஈயம் போட்ட இடத்தில் கிடக்கும். பெரியவர் இறால் ஒன்றைக் கட்டி எறிந்தார். அரைமணி நேரத்தில் ஒரு பாரைக்குட்டி வந்தது. தடி வில்லாக வளைந்ததைக் கண்டு பக்கத்தில் நின்ற பையன்கள் ஆரவாரித்தார்கள். பெரியவர் மட்டும் தடியைப் பார்க்கவில்லை. கரையை அடுத்திருந்த இடிந்த சுவரொன்றைக் காட்டி, அது யாருடைய வீடு, அதற்கடுத்தது யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு நாட்டிலே, வந்து இரண்டு ஆண்டேயான ஓர் அந்நியன் பத்துப் பவுண் தடியோடு கடற்கரைக்குப் போகிறான். நீ யார், எந்த ஊர், உன் அட்டை எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்னொரு நாட்டிலே, தலைமுறை தலைமுறையாகக் கடலால் வாழ்ந்த ஒருவர் தன் துறையில் கால் வைக்க இருபத்தேழு ஆண்டுகள் காத்திருக்கிறார். இடைக்காலத்திலும் எங்கள் மீனவர்கள் கடலுக்குப் போகவில்லையென்றில்லை. பாஸ் காட்டி, நேரம் பார்த்து, எல்லை பார்த்துப் போனார்கள். கடல் எல்லோருக்கும் பொது என்பதை நாம் பழமொழி போலச் சொல்லிக்கொள்கிறோம். அங்கே அது சட்டம். செய்தித்தாளில் நாற்பது ஆண்டுகள் எழுதியும் இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கிய பொருள் வேறொன்றில்லை.

நண்பர் இப்போது கடலுக்கென்றே செய்த நல்ல தடி ஒன்றும் வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் கொட் மீனுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறார். கோடை வந்தால் பழைய கார்ப் தடிதான். மயிலிட்டியில் பெரியவர் அதைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகும்படி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அதை மட்டும் அவர் கொடுக்கவில்லை. லண்டன் திரும்பிய மாதமே அதே அளவில், அதே வளைவு அளவையில், பாவித்த தடி ஒன்றைத் தேடி வாங்கி, கப்பலில் அனுப்பி வைத்தார். உறைக்குள் ஒரு தாளிலே கழுவும் முறையையும் எழுதி வைத்திருந்தார். அதிலே ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.